அரைச் சார்ஜ்

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி பன்னிரண்டாம் தேதி, பகல் மூன்று மணிக்கு முருகையனைக் கண்ணாடிவிரியன் கடித்தது. அதுவரைக்கும் சம்மனசூரில் யாருக்கும் சந்தேகமில்லை. அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றித்தான் ஆளுக்கொன்று சொன்னார்கள்.

அன்றைக்குக் காலையிலிருந்தே வெயில் கிடையாது. கடல்பக்கம் மேகம் கறுத்துத் தாழ்ந்து நின்றது. அந்த வருஷத்து உப்பை வாரி முடித்தாயிற்று. வரப்போரம் அம்பாரம் அம்பாரமாகக் கிடந்தது. மழை பிடிப்பதற்குள் ஓலை மூடியாக வேண்டும் என்று ஆணும் பெண்ணுமாக நாற்பது பேர் உப்பளத்தில் நின்றார்கள். முருகையன் போன வருஷத்து ஓலைக்கட்டு ஒன்றைப் பிரித்து உதறினான். உள்ளே சுருண்டு கிடந்தது அவன் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு போடு போட்டுவிட்டு வாய்க்காலில் இறங்கிப் போய்விட்டது.

அமிர்தசாமி அந்நேரம் அளத்தின் கோடியில் இஞ்சின் கொட்டகையில் இருந்தான். உப்பங்கழியிலிருந்து பாத்திகளுக்கு உப்புத்தண்ணீர் இறைக்கிற டீசல் இஞ்சினுக்கு அவன்தான் டிரைவர். மழைக்காலம் முழுக்க அதற்கு வேலையில்லை என்பதால் கிரீஸ் தடவிச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி ஆனந்தம்மாள் வரப்பின்மேல் தலைதெறிக்க ஓடி வந்தாள்.

"ஏய்யா, ஓடியா! முருகையனப் பூச்சி கட்ச்சிருச்சி. சிஸ்டரு ஒயர்லெஸ்ஸுல பேசுது, பேச வரல. மருந்தகத்து மிஷினப் போடணுமாம்!"

அவள் அங்கிருந்து இங்கே ஓடிவர அரைமணி. அவன் இங்கிருந்து அங்கே ஓட இருபது நிமிஷம்.

சம்மனசூர் கழிக்குக் கிழக்கே மணல்திட்டில் இருக்கிற ஊர். கரண்டுக் கம்பம் மேற்குக்கரை ரோட்டோடு நின்றுவிட்டது. கோயிலுக்குப் பக்கத்தில் கன்னியர்கள் நடத்துகிற மருந்தகம் ஒன்று உண்டு. அதில் ரொசாலியா சிஸ்டர் ஒருத்திதான் நர்சும் மருத்துவச்சியும் எல்லாமும். பாம்புக்கடி மருந்தை வைத்துக்கொள்ள அங்கே ஐஸ்பெட்டி கிடையாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒயர்லெஸ்ஸில் சொன்னால், அங்கிருந்து மருந்தோடு ஜீப் புறப்பட்டு மேற்குக்கரைக்கு வரும். இங்கிருந்து தோணியில் ஆளைக் கொண்டு போவார்கள். அதுதான் ஏற்பாடு.

அந்த ஒயர்லெஸ்ஸுக்காகவும் நாலு விளக்குக்காகவும் போன வருஷம் தவக்காலத்தில் வெளிநாட்டு உபகாரிகள் மரப்பெட்டிகள் அனுப்பினார்கள். ஆறு நீலக் கண்ணாடித் தகடுகள், லாரி பேட்டரி நாலு, ஒரு சின்ன டீசல் ஜெனரேட்டர், ஒரு சார்ஜர் பெட்டி. தகடுகளைக் கூரைமேல் சாய்த்துப் பொருத்தினார்கள். வெயில் பட்டால் அதிலிருந்து கரண்டு வந்து பேட்டரியில் சேருமாம். பங்குச் சாமியார் தைரியநாதர் அதைச் சோலார் என்றார், ஊரார் வெயில்தட்டு என்றார்கள். இஞ்சின் தெரிந்தவன் என்று அமிர்தசாமியிடம் அந்தப் பொறுப்பு வந்தது. மருந்தகம் கூட்டுகிற ஆனந்தம்மாளிடம் பேட்டரி அறைச் சாவி இருந்தது.

அவன் மருந்தகத்துக்குள் நுழைந்தபோது முருகையன் பெஞ்சில் கிடந்தான். கால் வீங்கித் தோல் மினுமினுத்தது. பல்லிடுக்கில் ரத்தம் கசிந்தது. அவன் பெண்டாட்டி அம்சவள்ளி தலைமாட்டில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்திருந்தாள். சிஸ்டர் ஒயர்லெஸ் முன்னால் பட்டனை அமுக்கி அமுக்கிக் கத்திக்கொண்டிருந்தாள். அமுக்கும்போதெல்லாம் பெட்டியின் சிவப்பு விளக்கு செத்துப்போனது. விட்டால் மறுபடி முழித்துக்கொண்டது. ஆனால் எதிர்முனைக் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

"சம்மனசூர், சொல்லுங்க. யார் பேசறது? கேக்கல. சம்மனசூர், சொல்லுங்க."

அவர்கள் சொல்வது இங்கே கேட்கிறது. இவர்கள் சொல்வது அங்கே போகவில்லை. அதைப் போல் ஒரு கொடுமையை அமிர்தசாமி கண்டதில்லை.

அவன் ஜெனரேட்டரைக் கிளப்பினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஆனாலும் பேட்டரியில் கொஞ்சமாவது கரண்டு ஏறி, சிஸ்டரின் குரல் அந்தப் பக்கம் போய்ச்சேர முக்கால்மணி நேரம் பிடித்தது. தோணி மேற்குக்கரையைத் தொட்டபோது மணி ஆறு. ஜீப் அதற்கும் பிறகுதான் வந்தது.

முருகையன் சாகவில்லை. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உப்புப் பாத்தியில் இறங்குகிறவனுக்குக் கால் போனால் எல்லாம் போன மாதிரிதான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தைரியநாதர் சாமியார் பீடத்தை விட்டு இறங்கி நின்றார். நல்ல மனிதர், ஆனால் குரல் பெரிசு.

"ஏழு வருஷம் ஒழைக்கும்னு சொல்லித் தந்த பேட்டரி. ரெண்டாவது மழைகூட தாங்கல. எப்பிடிப் போச்சின்னு எனக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சவங்க வந்து சொல்லலாம்."

யாரும் சொல்லவில்லை. வெளியே வந்து எல்லோரும் சொன்னார்கள். டீசலை அமிர்தசாமி விற்றுவிட்டான் என்றான் ஒருவன். வெயில்தட்டு வானத்து வெயிலை எல்லாம் உறிஞ்சுவதால்தான் மழை இப்படிக் கொட்டுகிறது என்றாள் ஒரு கிழவி. அளத்தில் கூட வேலை செய்கிற பக்கிரி மட்டும் நேராகவே வந்து கேட்டான்.

"அமிர்தம், மறைக்காமச் சொல்லு. நீ என்னா பண்ண அத?"

"ஒண்ணும் பண்ணலப்பா. சொன்ன மாதிரிதான் செஞ்சேன்."

"யாரு சொன்ன மாதிரி?"

அதுதான் சிக்கல். சாமியார் ஒன்று சொன்னார், மரக்காணத்து பேட்டரிக்கடைக் கலியமூர்த்தி ஒன்று சொன்னான். தகடு பொருத்த வந்த வெளிநாட்டு இஞ்சினியர் மூன்று நாள் நின்று என்னென்னவோ சொல்லிவிட்டு, அவர் பாஷையில் அச்சடித்த காகிதம் ஒன்றைக் கொடுத்துப் போனார். அதில் புரிந்தது சூரியன் படம் மட்டும்தான்.

"வெயில் இருக்கிற நாட்ல டீசல் எதுக்குடா? வெளக்கு மங்கினா மட்டும் ஓட்டு. பளிச்சுன்னு ஆனதும் நிறுத்திடு" என்பது சாமியார் உத்தரவு. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வருஷம் டீசலுக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. பீப்பாயை மரக்காணத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்து, தோணியில் ஏற்றி, மணலில் உருட்ட வேண்டும். ஆகவே அமிர்தசாமி சாயங்காலம் ஐந்து மணிக்கு ஜெனரேட்டரைப் போடுவான். சார்ஜர் முள் விறுவிறுவென்று முப்பதுக்கு ஏறும். ஒரு மணி நேரத்தில் மெள்ள இறங்கி இருபதில் நிற்கும். விளக்கு பால்மாதிரி எரியும். வயிறு நிறைந்தவன் சோறு தள்ளுகிற மாதிரி, பேட்டரி நிறைந்துவிட்டது, இனி வாங்காது என்று எண்ணி நிறுத்திவிடுவான். புரட்டாசியில் விளக்கு அடிக்கடி மங்கவும் கலியமூர்த்தியிடம் போய்க் கேட்டான். "ஆசிட் செத்துப்போச்சி. ஊத்து" என்று ஒரு ஜாடியில் கொடுத்தான். நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றினான்.

இதில் எது தப்பு? எல்லாமே தப்பா? ஒன்றுமே தப்பில்லையா? அவன் அம்சவள்ளி வீட்டுப் பக்கம் போகாமல் கடற்கரை வழியாகச் சுற்றிப் போனான்.

இடையஞ்சாவடியில் வெள்ளைக்காரர்கள் காற்றில் சுற்றுகிற காத்தாடி போட்டுப் பேட்டரியில் கரண்டு சேர்க்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசியதை முன்பு கேட்டிருந்தான். திங்கட்கிழமை மழையோடு மழையாகப் புறப்பட்டான். கீழ்புத்துப்பட்டு தாண்டிப் பஸ்ஸை விட்டு இறங்கிச் செம்மண் சேற்றில் நடந்து, அங்கே பேட்டரிக் கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற மாயவனைக் கண்டுபிடித்தான். மாயவனுக்கும் இவன் வயதுதான். கால்சட்டை முழுக்க ஆசிட் தின்ற ஓட்டை. விஷயத்தைக் கேட்டதும், "வெள்ளக்காரரு ஊர்ல இல்ல. இருந்தாலும் அவரு இந்த வாரம் ஒண்ணு சொல்வாரு, அடுத்த வாரம் வேற சொல்வாரு. நானே வர்றேன்" என்று மறுநாள் புறப்பட்டு வந்தான்.

பேட்டரி அறை வாசலிலேயே நின்று முதலில் மூக்கை உறிஞ்சினான். பிறகு பையிலிருந்து ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்தான். அதற்குள் ஒரு சின்ன மிதவை.

"இது தெரியுமா?"

"அளத்துல இந்த மாதிரி ஒண்ணு இருக்குது. பாத்தித் தண்ணி முத்திடுச்சான்னு டிகிரி பாப்போம். இருபத்தஞ்சு வந்தா உப்பு எறங்கும்."

"அப்ப உனக்கு நான் ஒண்ணும் சொல்லவேணாம். ஆசிட்ல டிகிரி பாக்கறது இது. சார்ஜ் ஏற ஏற டிகிரி ஏறும். நெறஞ்சிடுச்சின்னா ஆயிரத்து எரநூத்தம்பது தாண்டி நிக்கணும்." மூடிகளைத் திறந்து ஒவ்வொன்றாக உறிஞ்சிப் பார்த்தான். "இதுல ஆயிரத்து நூத்தித் தொண்ணூறு. இதுவும் அதே. இந்த ரெண்டு, அடேங்கப்பா, ஆயிரத்து நூத்தி முப்பதுதான் இருக்குது. எத்தினி மணி நேரம் ஓட்டுவ?"

"ஒரு மணி. வெளக்கு பளிச்சுன்னு ஆவற வரைக்கும்."

"எந்நேரம்?"

"சாயங்காலம் அஞ்சுக்கு."

மாயவன் பலகைமேல் உட்கார்ந்துவிட்டான். "அண்ணே, மிஷின் ஓடறப்ப வெளக்கு பளிச்சுன்னுதான் எரியும். அது மிஷின் வெளிச்சம். பேட்ரி வெளிச்சமில்ல. முள்ளு எறங்குதுன்னா நெறஞ்சிடுச்சின்னு அர்த்தமில்ல. வேகமா வாங்கற வரைக்கும் வாங்கிட்டு, இனிமே மெள்ளக் குடுன்னு கேக்குது. கடைசிக் கால்பாகம் சொட்டுச் சொட்டாத்தான் உள்ள போவும். அதுக்கு நாலஞ்சு மணி நேரம் ஆவும்."

"அவ்ளோ நேரம் ஓட்ட டீசல் ஏது?"

"டீசல்ல எதுக்கு ஓட்ற? விடியக்காலம் ஆறு மணிக்கு மிஷினப் போடு. ரெண்டு மணி நேரம் முக்கியமான வேலைய அது செஞ்சி முடிச்சிடும். நிறுத்திடு. அப்பறம் பகல் பூரா உன் தட்டு கொஞ்சங்கொஞ்சமாக் குடுத்து மேல்மட்டத்த நெரப்பும். மப்பும் மந்தாரமா இருந்தாக்கூட அந்தக் கொஞ்சத்த குடுத்துடும். நீ சாயங்காலம் போட்டா, நிறுத்தினதும் வெளக்குப் போட்டு எறக்கிடறீங்க. மறுநா வெயிலு அந்தப் பள்ளத்த நெரப்பவே சரியாப் போவுது. மேல்மட்டம் என்னிக்குமே நெரம்பல. ஒன்ற வருஷமா இதுங்க அரைச் சார்ஜ்லயே கெடந்திருக்குது."

"கெடந்தா என்னா?"

"அரைச் சார்ஜ்ல போட்டா பேட்ரி உள்ள இருக்கற ஈயத் தகட்டுல உப்புப் பூத்துடும். உங்க ஊரு உப்பு இல்ல, ஈய உப்பு. மொதல்ல பூக்கறது கரையும். நாளானா கல்லாயிடும். பொறவு எவ்ளோ குடுத்தாலும் புடிக்காது."

அமிர்தசாமி பேட்டரிகளைப் பார்த்தான். அப்படியானால் தான்தான். விளக்கு மங்கிய ஒவ்வொரு சாயங்காலமும், கடமை தவறாமல், தானே முருகையனின் காலை அறுத்திருக்கிறான்.

"அப்ப நான் பண்ணதுதான், இல்ல?"

"அப்பிடி அடிச்சுச் சொல்லவும் முடியலயே" என்றான் மாயவன், குழாயை வெளிச்சத்தில் பிடித்தபடி. "அரைச் சார்ஜ்னா நாலும் ஒண்ணாப் போவணும். இங்க ரெண்டு மட்டும் ஏன் இவ்ளோ கீழ கெடக்குது? ஆசிட் கீசிட் ஊத்தினியா?"

"கலியமூர்த்தி சொன்னாரு. நாலுலயும் கொஞ்சம் ஊத்துனேன்."

"போச்சி. ஆசிட் ஊத்தினா சார்ஜ் இல்லாமயே டிகிரி ஏறும். இப்ப நான் பாத்த டிகிரியே நெசமா பொய்யான்னு தெரியாது. தண்ணி மட்டுந்தான் ஊத்தணும், அதுவும் பேட்ரித்தண்ணி." அவன் குனிந்து அந்த இரண்டு பேட்டரியின் ஈயக் கொம்புகளை விரலால் தடவினான். "இங்க பாரு. உங்குளுது போல்ட்டு போட்ட கிளாம்பு. இந்த ரெண்டுல மட்டும் கிளிப்பு கட்ச்ச தடம் இருக்குது. பல்லு பல்லா. யாரு போட்டது?"

அமிர்தசாமி குனிந்து பார்த்தான். எலி கடித்த மாதிரி வரிசையாகப் பல்தடம். முதலைவாய்க் கிளிப். அந்தக் கிளிப் இந்தத் திட்டில் ஒரே ஒரு ஆளிடம்தான் உண்டு. திருநாளுக்கும் சாவுக்கும் மைக்செட் கட்டுகிற சவரிநாதனிடம். அவன் ஆனந்தம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

"தெரிலப்பா" என்றான்.

மாயவன் அவன் முகத்தைப் பார்த்தான். நாலையும் தனித்தனியாகக் கழற்றி வைத்து, எப்படி எவ்வளவு நேரம் சார்ஜ் போடுவதென்று காட்டிவிட்டு, "எதனால போச்சின்னு பேட்ரிய அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். அறுத்தாலும் தெரியுமோ தெரியாதோ" என்று சொல்லி ரெண்டு மணித் தோணிக்குப் போய்விட்டான்.

வீட்டில் ஆனந்தம்மாள் கேழ்வரகுக் கூழ் கரைத்துவிட்டு இறால் வதக்கிக்கொண்டிருந்தாள். ஈர விறகு புகைந்தது. கூரை ஒழுகுகிற இடத்தில் அலுமினியச் சட்டி வைத்திருந்தாள். அமிர்தசாமி தலையைக்கூடத் துவட்டாமல் அடுப்புக்கு எதிரே குந்தினான்.

"உன் தம்பிக்கு பேட்ரி குடுத்தியா?"

அவள் கரண்டியை நிறுத்தவில்லை. இரண்டு தடவை கிளறினாள். பிறகு சட்டியை இறக்கி வைத்தாள்.

"குடுத்தேன்."

"எத்தினி தடவ?"

"ரெண்டு தடவ. தேவமாதா திருநாளுக்கு ஒருக்கா. புரட்டாசியில, பெருமுக்கல்ல ஒரு மஞ்சத்தண்ணிக்கு ஒருக்கா."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா குடுக்க உட்டிருப்பியாய்யா? அவன் பேட்ரி ரெண்டும் வெடிச்சிப்போச்சி. கை நீட்டிக் காசு வாங்கியாச்சி, செட்டு பாடலன்னா ஜனம் அடிச்சே கொன்னுடும்னு வந்து அழுதான். நீ அளத்துல இருந்த. மறுநா காலையிலயே கொண்டாந்து வெச்சிட்டான். சார்ஜ் போட்டுக் குடுடான்னேன். போட்டேன்க்கான்னான்."

"எங்க போட்டான்?"

"கலியமூர்த்தி கடையில. அரைமணி நேரம் போட்டானாம்." அவள் குரல் உடைந்தது. "கடிபட்ட அன்னிக்கி சிஸ்டரு பட்டன அமுக்கறப்பல்லாம் அந்த செவப்பு லைட்டு அவிஞ்சிது பாரு. எனக்கு அப்பவே தெரிஞ்சிபோச்சி. அன்னிலேருந்து நான் தூங்கலய்யா."

அமிர்தசாமிக்கு முதலில் வந்தது கோபமில்லை. அதை நினைத்துப் பிற்பாடு பல நாள் வெட்கப்பட்டான். அடைத்திருந்த மடை திறந்த மாதிரி மார்பு லேசாகிவிட்டது. தான் இல்லை! சவரிநாதன் வெறும் பேட்டரி ரெண்டைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். காலியான ரெண்டும் நிறைந்த ரெண்டையும் சேர்த்து இழுத்துக் கீழே கொண்டுபோயிருக்கும். எதிரே அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்ததும் அந்த லேசு போய்விட்டது. நிறைந்த ரெண்டு என்று எதைச் சொல்கிறோம்? அதுவும் அரைச் சார்ஜ்தானே? ஒழுங்காக நிறைந்திருந்தால் இந்த ரெண்டு தடவைக்கெல்லாம் தாக்குப்பிடித்திருக்காதா? இவள் கொடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஒயர்லெஸ் பேசியிருக்குமா? எப்படிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு நேராகவில்லை.

"நாளைக்கே போயி சாமிகிட்ட சொல்லிடறேன்" என்றாள் அவள்.

"நீ ஒண்ணும் சொல்லவேணாம். சவரிநாதனத் திருட்டுக் கேசுல உள்ள தள்ளிடுவாங்க. நான்தான் கெடுத்தேன்னு சொல்லிக்கறேன். மாயவனே சொல்லிட்டான்."

"அவன் என்னா சொன்னான்?"

சொன்னான். சாயங்காலச் சார்ஜ், தகட்டில் பூத்த உப்பு, ஊற்றிய ஆசிட், எல்லாம் அமிர்தசாமி சொன்னான். ஆனந்தம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் குடுக்கலன்னாலும் போயிருக்குமா?"

"தெரில."

"நீ சரியாப் போட்டிருந்தா, நான் குடுத்திருந்தாலும் தாங்கியிருக்குமா?"

"தெரிலன்றனே!" என்று கத்தினான். பிறகு மெதுவாக, "அறுத்துப் பாத்தாலும் தெரியாதாம்" என்றான்.

கூழ் ஆறி ஏடு கட்டியது. இருவரும் சாப்பிடவில்லை.

புதன்கிழமை பகல் இருவருமே போனார்கள். அவளை வரவேண்டாம் என்று அவன் சொல்லியும் கேட்காமல் பின்னாலேயே வந்தாள். மருந்தகத் தாழ்வாரத்தில் சாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் பஞ்சு சுருட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டிலிருந்து மழை நூல்நூலாக வடிந்தது.

அமிர்தசாமி கைகட்டி நின்று முழுக்கவும் சொன்னான். நிறைக்காமல் நிறுத்தியது, ஆசிட் ஊற்றியது. "தப்பு என்னுதுதான் சாமி. வேற யாரும் காரணமில்ல."

"இவரு பொய் சொல்றாரு சாமி" என்று ஆனந்தம்மாள் முன்னால் வந்தாள். "நான் என் தம்பிக்கு பேட்ரி எடுத்துக் குடுத்தேன். ரெண்டு தடவ."

சாமியாரின் முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் பெரிய குரல் வரவில்லை. இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காலையில ஓட்டணும்னா சொன்னான் அந்த ஆள்?"

"ஆமாங்க சாமி. காலையில ரெண்டு மணி நேரம் மிஷினு, மிச்சத்துக்கு வெயிலு."

அவர் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் துடைத்தார். "அந்த இஞ்சினியர் மார்னிங், மார்னிங்னு சொன்னாரு. எனக்கு ஞாபகம் இருக்கு. ஏதோ காலை வெயில் நல்லதுன்னு சொல்றார்னு நெனச்சிட்டேன். டீசல மிச்சம் புடின்னு ஒன்ன வெரட்டினது நான்." கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்துபோய்க் கையிலேயே வைத்திருந்தார். "நான் கோயில்ல நின்னு கேட்டேனே, எப்பிடிப் போச்சின்னு."

"எனக்கும் சொல்றதுக்கு இருக்கு சாமி" என்றாள் சிஸ்டர். பஞ்சு அவள் மடியிலிருந்து உருண்டது. "அன்னிக்கி மத்தியானம் பூரா நான் ஒயர்லெஸ்ஸ ஆஃப் பண்ணல. ஆஸ்பத்திரியில எங்க மடத்து மதர் பேசறது கேக்கும். குரலையாவது கேட்டுக்கிட்டு இருக்கலாம்னு. காலையிலேருந்து மப்பு. வெளக்கு மங்கலா இருக்குன்னு எனக்குத் தெரியும். அமிர்தசாமியக் கூப்பிட்டு மிஷின் போடச் சொல்லியிருக்கணும்."

அப்போதுதான் தூணோரம் நின்ற ஆளை அவர்கள் கவனித்தார்கள். அம்சவள்ளி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். சிஸ்டரிடம் ஏதோ கேட்க வந்தவள் எவ்வளவு நேரமாக அங்கே நின்றாளோ தெரியாது. கோணிப்பையைத் தலையில் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். முதலில் அமிர்தசாமி, பிறகு ஆனந்தம்மாள், சிஸ்டர், கடைசியில் சாமியார்.

"எவனோ பண்ணிட்டான்னு ஊர்ல சொன்னாங்க" என்றாள். "யாருன்னு தெரிஞ்சா அவன் வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்தணும்னு பஸ்ல வர்றப்ப நெனச்சிக்கிட்டே வந்தேன். நீங்க நாலு பேரும் நான்தான் நான்தான்னா, நான் யாரத் திட்டறது?"

"என்னத் திட்டு தங்கச்சி" என்றான் அமிர்தசாமி.

"என்னத் திட்டுடி" என்று ஆனந்தம்மாள் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அம்சவள்ளி கையை இழுத்துக்கொண்டாள்.

"ஆளுக்குக் கால் கால் பங்கா திட்டச் சொல்றீங்களா?" என்றாள். "அவரு கால் ஒண்ணாத்தான போச்சி."

சாமியார் எழுந்து நின்றார். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று தோன்றியது. ஆனால் அவர் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். அம்சவள்ளி தூணில் சாய்ந்து கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அழவில்லை.

"நாளைக்கு அவர வூட்டுக்கு அனுப்பறாங்க" என்றாள் கடைசியில், யாரையும் பார்க்காமல். "மேக்கால கரையில பஸ்ஸ உட்டு எறக்கணும். தோணியில ஏத்தணும். நம்மகரைலேருந்து வூட்டு வரைக்கும் மணல்ல தூக்கணும். எங்கூட்ல ஆம்பள இல்ல. அதக் கேக்கத்தான் வந்தேன்."

"நான் வர்றேன்" என்றான் அமிர்தசாமி.

"ரெண்டு ஆள் வேணும்."

"சவரிநாதனக் கூட்டியாறேன்" என்றாள் ஆனந்தம்மாள்.

அம்சவள்ளி கோணியை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அமிர்தசாமி ஜெனரேட்டரைப் போட்டான். மாயவன் சொன்னபடி எட்டு மணி வரை ஓடவிட்டு நிறுத்தினான். மூடிகளைத் திறந்து பார்த்தான். ரெண்டில் குமிழி வந்தது. ரெண்டில் வரவில்லை. என்ன அர்த்தம் என்று தெரியாமல் மூடிவிட்டுத் தோணித்துறைக்கு நடந்தான்.

சவரிநாதன் முன்பே வந்து நின்றிருந்தான். "மாமா" என்று ஏதோ ஆரம்பித்தான். அமிர்தசாமி கையை ஆட்டி வேண்டாமென்றான். பஸ் பதினோரு மணிக்கு வந்தது. முருகையன் பாதியாகிப் போயிருந்தான். கைலிக்குக் கீழே ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. ஆளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

தோணியில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கரையில் இறங்கி மருந்தகத்து நாற்காலியில் உட்கார வைத்து இருபக்கமும் தோள்கொடுத்துத் தூக்கியபோதுதான் சங்கடம் தெரிந்தது. பாரம் ஒரு பக்கமாகவே சாய்ந்தது. சவரிநாதன் பக்கம் அழுந்தியது, அமிர்தசாமி பக்கம் கிளம்பியது. ஈரமணலில் நாலு எட்டு வைப்பதற்குள் தடுமாறினார்கள்.

"இருங்கப்பா, இருங்க" என்றான் முருகையன். உடம்பை நகர்த்தி உட்கார்ந்து பார்த்தான். மறுபடி சாய்ந்தது. "எனக்கே இன்னும் பழகல. எந்தப் பக்கம் குந்தினா சரியா இருக்கும்னு புரியல."

நாற்காலியை மணலில் இறக்கிவிட்டு இருவரும் நின்றார்கள். மேகம் கலைந்து, பல நாளாகக் காணாத வெயில் கழித்தண்ணீர்மேல் அடித்தது. அமிர்தசாமிக்கு நூறு வார்த்தை நெஞ்சில் நின்றது. எதை முதலில் சொல்வது, எதைச் சொன்னால் முழுசாகும் என்று பிடிபடவில்லை.

"முருகையா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"வூடு போயிச் சொல்லு. மொதல்ல என் கைய உன் கழுத்துல போட்டுக்க. அப்பிடியே தூக்கு, பாக்கலாம்."

அமிர்தசாமி குனிந்தான். முருகையன் கை அவன் கழுத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்தது. இந்த முறை நாற்காலி கொஞ்சம் நேராக எழுந்தது. மூன்று பேரும் மெள்ள நகர்ந்தார்கள்.